நெபுலைசர் வச்சாச்சு, சரி. என்ன மாறிச்சு?

எங்க தெருவுக்குன்னு ஒரு நெபுலைசர் மெசின் இருக்கு. காசு குடுத்து வாங்கினது என்னமோ நாங்கதான். ஆனா ஐப்பசி பொறந்துட்டா அது எங்க வீட்டுல தங்குறதே இல்ல.

மேல வீட்டு மதினி வாங்கிட்டுப் போவாங்க. அங்க இருந்து அவங்க தங்கச்சி வீட்டுக்கு, மேலப்பாளையம். அதுக்கப்புறம் எங்கெங்க சுத்துதுன்னு எனக்கே தெரியாது. திரும்பி வரும்போது மாஸ்க் வேற யாரோடதாவோ இருக்கும். ட்யூப்புக்குள்ள தண்ணி நிக்கும்.

சரி, போகட்டும். பிள்ளைங்களுக்குத்தான.

போன வாரம் மதினி வந்து நின்னாங்க. பேத்திக்கு நாலு மாசம்.

"எம்மா, பிள்ளைக்கு நெஞ்சு கீச்சு கீச்சுங்கு. அந்த மெசினத் தாயேன். உம் பயலுக்கு வச்ச மருந்து மிச்சம் கெடந்தா அதையும் தா."

"டாக்டர்ட்ட காட்டினீங்களா மதினி?"

"காட்டணும். அதுக்கு முன்னால ஒருக்கா வச்சுப் பாத்துருவோம்னுதான்."

எனக்குச் சுர்ருனு ஏறிட்டு.

மெசினக் கேட்டதுக்கு இல்ல. வீட்டுல மிச்சம் கெடக்குற மருந்து, என் பயலுக்கு ரெண்டு வயசு தாண்டின பொறவு எழுதிக் குடுத்தது. இது நாலு மாசப் பச்சப்பிள்ளை. ரெண்டு பேரு நெஞ்சுலயும் கேக்குறது ஒரே சத்தம்தான். உள்ள நடக்குறது வேற.

(மதினிய அப்பவே ஆட்டோ புடிச்சு டாக்டர்ட்ட அனுப்பியாச்சு. பிள்ளை நல்லாருக்கா. பயப்படாம மேல படிங்க.)

மொதல்லயே சொல்லிருதேன், நான் டாக்டர் இல்ல. என் பயலோட மொத ரெண்டு மூணு மழைக்காலம் இளைப்போடயே போச்சு. அந்த நேரம் டாக்டர்கள நச்சரிச்சுக் கேட்டது, ராத்திரி தூக்கம் இல்லாம தேடித் தேடிப் படிச்சது, இதெல்லாம்தான் என் கைமுதல்.

சரி, விசயத்துக்கு வருவோம்.

நெபுலைசர்ல ஊத்துற மருந்துல நமக்கெல்லாம் தெரிஞ்சது சால்பூட்டமால். ஆஸ்தாலின்னு சொன்னா பெட்டிக்கடை அண்ணாச்சிக்குக் கூடத் தெரியும். 1960கள்ல இங்கிலாந்துல, ஆலன் அண்ட் ஹான்பரிஸ் கம்பெனியில டேவிட் ஜாக்குன்னு ஒருத்தரோட குழு கண்டுபிடிச்சது. 1969ல விற்பனைக்கு வந்துச்சு. ஆஸ்துமாக்காரங்க வாழ்க்கையவே மாத்தின மருந்து. அதுல எனக்கு மாத்துக் கருத்தே கெடையாது.

அது செய்ற வேலை ஒண்ணே ஒண்ணுதான். மூச்சுக்குழலச் சுத்தி இருக்குற தசை இறுகிக் கெடந்தா, அதத் தளர்த்தும். அவ்வளவுதான். சளியக் கரைக்காது. வீக்கத்த வத்த வைக்காது. வைரஸக் கொல்லாது.

இப்ப நம்ம ஊர் வாய்க்கால நெனச்சுக்கிடுங்க. பாளையங்கால்வாயில இருந்து வயலுக்குத் தண்ணி வரல. ஏன் வரல? மடைப் பலகைய யாராவது இறக்கி வச்சிருக்கலாம். அப்பன்னா பலகையத் தூக்கினா தண்ணி வந்துரும். இல்லன்னா பலகை தூக்கித்தான் கெடக்கும், வாய்க்கால்ல அமலையும் சேறும் குப்பையும் அடைச்சிருக்கும். அப்ப போயி பலகையப் புடிச்சு இழுத்துக்கிட்டே நின்னா தண்ணி வருமா?

ஆஸ்துமா, பலகை இறங்கின கேசு. சால்பூட்டமால் அந்தப் பலகையத் தூக்குற ஆள்.

நாலு மாசம், ஆறு மாசக் குழந்தைக்கு மழைக்காலத்துல மொதத் தடவையா வர்ற இளைப்பு, பெரும்பாலும் வாய்க்கால் அடைச்ச கேசு. டாக்டர்க இதுக்கு பிராங்கியோலைட்டிஸ்னு பேரு சொல்லுவாங்க. மொதல்ல சாதாரணச் சளியாத்தான் ஆரம்பிக்கும். ரெண்டு மூணு நாள்ல வைரஸ் பைய நுரையீரலோட கடைசிச் சின்னக் குழாய்களுக்குள்ள எறங்கும். அங்க உள்சுவர் வீங்கும், செத்த செல்லெல்லாம் உதிரும், சளி சேரும். எல்லாம் சேந்து குழாய அடைக்கும்.

பெரியவங்களுக்கும் இதே வைரஸ் வரும். நமக்கு ஒரு வாரம் மூக்கு ஒழுகும், அதோட சரி. பச்சப்பிள்ளைக்கு ஏன் இந்தப் பாடு? கணக்குத்தான் காரணம். ஒரு குழாயோட உள்விட்டம் பாதியாச்சுன்னா, அதுல காத்து போறதுக்கு உள்ள தடை ரெண்டு மடங்கு ஆகாது. 16 மடங்கு ஆகும். (பள்ளிக்கூடத்துல படிச்ச பிசிக்ஸ் வாழ்க்கையில ஒருதரம் உபயோகப்பட்டுது.) ஏற்கனவே நூலாட்டம் இருக்குற குழாய், ஒரு துளி வீங்கினாலே பாதியாயிரும்.

இந்த அடைப்புக்குப் பெரும்பாலும் காரணம் ஆர்.எஸ்.வி.ங்குற வைரஸ். 1956ல அமெரிக்காவுல மொதல்ல இதக் கண்டுபிடிச்சது சிம்பன்சிகள்கிட்ட! அதுகளுக்குச் சளி புடிச்சிருந்துச்சு. அடுத்த வருசமே குழந்தைங்ககிட்டயும் அதே வைரஸ் இருக்குன்னு தெரிஞ்சுது. நம்ம பக்கம் வந்தா, வேலூர் சி.எம்.சி. டாக்டர்க தென்னிந்தியக் குழந்தைங்களுக்கு வர்ற பிராங்கியோலைட்டிஸ் பத்தியே 1990ல ஒரு ஆய்வு வெளியிட்டிருக்காங்க. அங்கயும் முதல் குற்றவாளி இதே ஆர்.எஸ்.வி.தான்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதிக்கு வர்றேன்.

"எந்த வயசுல இந்த மருந்து வேலை செய்ய ஆரம்பிக்கும்?"

இது நான் கேட்ட கேள்வின்னு நெனச்சேன். 1978லயே வாரன் லென்னி, ஆண்டனி மில்னர்னு இங்கிலாந்துல நாட்டிங்ஹாம் டாக்டர்க ரெண்டு பேரு கிட்டத்தட்ட இதே கேள்வியத் தலைப்பாவே வச்சு ஆய்வு எழுதியிருக்காங்க. இளைப்பு இருக்குற சின்னப் பிள்ளைங்களுக்கு சால்பூட்டமால் நெபுலைசர் வச்சு, முன்னயும் பின்னயும் மூச்சுத் தடைய அளந்து பாத்தாங்க. ஒன்றரை வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்ககிட்ட பெருசா ஒரு மாத்தமும் இல்ல. அதுக்கு மேல போகப் போகத்தான் மருந்து கேக்க ஆரம்பிச்சுது.

முன்ன அளந்து, வச்சு, பின்ன அளந்து. இவ்வளவுதான் அவங்க செஞ்சது. இந்தப் பதிவு முழுக்க நான் சொல்ல வர்றதும் இவ்வளவுதான். ஆனாலும் நீட்டி முழக்காம விடமாட்டேன்.

1986ல இதே மில்னரும் கூட வேற டாக்டர்களும் லான்செட் மருத்துவ இதழ்ல இன்னொண்ணு எழுதினாங்க. அது இன்னும் பகீர்னு இருந்துச்சு. இளைப்போட வந்த குழந்தைங்களுக்கு நெபுலைசர்ல சால்பூட்டமால் வச்ச பொறவு, நுரையீரல் வேலை செய்ற திறன் கூடல. கொஞ்ச நேரத்துக்கு இன்னும் மோசமாச்சு!

எப்படி மோசமாகும்? மருந்துக் கரைசலோட அமிலத்தன்மை ஒரு காரணமா இருக்கலாம்னு சொன்னாங்க. இன்னொரு விளக்கமும் உண்டு. சில குழந்தைங்களுக்கு மூச்சுக்குழல் சுவரே ரொம்ப மெத்துன்னு இருக்கும். அது மடங்காம நிக்கிறதுக்கு அந்தத் தசையோட இழுவைதான் தாங்கு. அதையும் மருந்து போட்டுத் தளர்த்திட்டா, மூச்ச வெளிய விடும்போது குழல் அமுங்கிப் போகும்.

இத வச்சுக்கிட்டு ஒரு கதை பரவிச்சு. பச்சப்பிள்ளைக்கு மூச்சுக்குழல்ல தசையே வளந்திருக்காது, மருந்து போயி ஒட்டுற இடமே கெடையாதுன்னு. இப்பவும் சில பேரு சொல்லுவாங்க. அது தப்பு. 1987ல அமெரிக்காவுல டெப்பர்ங்குற டாக்டர் குழு, நல்லாருக்குற குழந்தைங்களுக்கு ஒரு மருந்தக் குடுத்து மூச்சுக்குழலச் சுருங்க வச்சு, அப்புறம் சால்பூட்டமாலோட சொந்தக்கார மருந்து ஒண்ணக் குடுத்துப் பாத்தாங்க. விரிஞ்சிருச்சு. தசை இருக்கு, மருந்து ஒட்டுற இடமும் இருக்கு. பலகை இருக்கத்தான் செய்யுது. இந்த நோயில அது இறங்கவே இல்லங்குறதுதான் விசயம்.

அதுக்கப்புறம் உலகம் பூரா ஆய்வு. 2014ல காக்ரேன் குழு எல்லாத்தையும் கூட்டிப் பாத்துச்சு. 30 ஆய்வு, 1992 குழந்தைங்க. ரத்தத்துல ஆக்சிஜன் அளவு கூடல. ஆஸ்பத்திரியில சேக்க வேண்டிய தேவை குறையல. சேந்தவங்க சீக்கிரம் வீட்டுக்கும் போகல.

அமெரிக்கக் குழந்தை டாக்டர்கள் சங்கம் 2006ல "வேணும்னா ஒரு தடவை வச்சுப் பாத்து, பலன் இருந்தா மட்டும் தொடருங்க"ன்னு சொல்லியிருந்துச்சு. 2014ல அதையும் எடுத்துட்டாங்க. இந்த நோய்க்கு சால்பூட்டமால் வைக்காதீங்கன்னே எழுதிட்டாங்க. அடுத்த வருசம் இங்கிலாந்தும் அதே.

"அதெல்லாம் அமெரிக்கா, இங்கிலாந்து. எம் பிள்ளைக்கு வச்ச உடனே கேட்டுச்சே!"

கேக்குது, கேக்குது. உங்க சத்தம் இங்க வரைக்கும் கேக்குது.

எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. அதனாலதான் இதக் கொஞ்சம் நிதானமாப் பாக்கணும்.

பிள்ளை இளைச்சுக்கிட்டு அழுதுக்கிட்டே வருது. மாஸ்க்க மூஞ்சியில வைக்கிறோம். இன்னும் கத்துது. பத்து நிமிசம் கத்தி ஓஞ்சு அப்படியே தூங்கிப் போகுது. தூங்கினா மூச்சு குறையத்தான செய்யும்? நாம "ஆகா, மருந்து கேட்டுட்டு"ன்னு மெசினுக்குக் கும்பிடு போடுறோம்.

ஆஸ்பத்திரியில பல எடத்துல நெபுலைசர ஆக்சிஜன்ல ஓட்டுவாங்க. அங்க பிள்ளை தெளிஞ்சதுக்குக் காரணம் மருந்தா, ஆக்சிஜனா? மருந்தோட கலக்குற உப்புத்தண்ணி ஈரம் வேற கொஞ்சம் சளிய இளக்கியிருக்கலாம். நர்ஸம்மா மூக்குச் சளிய உறிஞ்சி எடுத்திருந்தா அதுவே பாதி வேலை.

எல்லாத்துக்கும் மேல, நாள் கணக்கு. இந்த நோய் ஆரம்பிச்சு மூணாம் நாள்ல இருந்து அஞ்சாம் நாள் வரைக்கும்தான் உச்சம். நாம டாக்டர்ட்ட ஓடுறதும் கரெக்டா அந்த உச்சத்துலதான். அங்க இருந்து அது எறங்கத்தான் செய்யும். எது வச்சாலும் எறங்கும். வைக்காட்டியும் எறங்கும். பேரு மட்டும் மெசினுக்கு.

(எங்க ஆச்சி வசம்பு சுட்டு ஒரசிக் குடுத்து எத்தன பிள்ளைங்களக் காப்பாத்தினேன்னு சொல்லுவா. அவளும் மூணாம் நாள்தான் ஒரசுவா. கணக்கு ஒண்ணுதான்.)

அப்ப எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?

எண்ணணும். கண்ணால பாத்து, மூச்ச எண்ணணும்.

இதுலதான் எனக்கு நம்ம தமிழ்நாட்டப் பத்திப் பெருமையே. 1988ல வேலூர் சி.எம்.சி.யில தாமஸ் செரியன், ஜேக்கப் ஜான், எரிக் சிமோஸ் எல்லாரும் சேந்து ஒரு ஆய்வு செஞ்சு லான்செட்ல போட்டாங்க. எக்ஸ்ரே, ஸ்டெதஸ்கோப் எதுவும் இல்லாத கிராமத்து ஹெல்த் ஒர்க்கர், வெறும் கண்ண வச்சு ஒரு பிள்ளைக்கு நுரையீரல்ல நோய் எறங்கியிருக்கான்னு சொல்ல முடியுமா? முடியும்னாங்க. ஒரு வயசுக்குக் கீழன்னா நிமிசத்துக்கு 50 மூச்சு, அதுக்கு மேலன்னா 40. கூடவே நெஞ்சு உள்வாங்குதான்னு பாக்கணும். உலக சுகாதார நிறுவனம் இன்னைக்கும் சொல்ற கணக்கு இதுதான்: ரெண்டு மாசத்துல இருந்து ஒரு வயசு வரைக்கும் 50ம் அதுக்கு மேலயும் வேக மூச்சு, ஒண்ணுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் 40, ரெண்டு மாசத்துக்குக் கீழன்னா 60. உலகம் பூரா எண்ணுற எண்ணுக்குப் பின்னால வேலூர் பிள்ளைங்க மூச்சும் இருக்கு.

எண்ணுறது லேசுன்னு நெனைக்காதீங்க.

பால் குடிக்கிற நேரம் எண்ணினா வராது. அழும்போது எண்ணவே கூடாது. சட்டையோட எண்ணினா எது மூச்சு எது துணின்னு தெரியாது. 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்கலாம்னு எங்க வீட்டுக்காரர் ஒரு குறுக்கு வழி சொன்னாரு. (பேங்க்காரர்.) பச்சப்பிள்ளை மூச்சு ஒரே சீரா இருக்காது. கொஞ்சம் வேகமா விடும், கொஞ்சம் நிறுத்தும், திரும்ப விடும். அவரு பெருக்கிச் சொன்ன எண்ணும் நான் எண்ணின எண்ணும் சேரவே சேராது. அதுக்கு ஒரு சண்டை.

கடைசியில பிடிபட்ட வழி இதான்: பிள்ளை தூங்கணும், இல்ல அமைதியா மடியில கெடக்கணும். சட்டையத் தூக்கி வயித்தப் பாக்கணும். வயிறு ஒருதரம் ஏறி எறங்கினா ஒண்ணு. செல்போன்ல டைமர் போட்டு முழுசா ஒரு நிமிசம். அவ்வளவுதான். கூடவே விலா எலும்புக்குக் கீழ குழி விழுதான்னு பாருங்க. மூக்கு விடைக்குதான்னு பாருங்க.

மருந்து வச்சாங்கன்னா, வைக்கிறதுக்கு முன்னால இது ஒருதடவை. வச்சு இருபது நிமிசம், அரை மணி நேரம் கழிச்சு, பிள்ளை அமைதியான பொறவு இன்னொரு தடவை. மூச்சு குறைஞ்சுதா? குழி விழுறது குறைஞ்சுதா? பால் குடிக்கிறா? குறைஞ்சிருந்தா, சரி, இந்தப் பிள்ளைக்கு மருந்து கேக்குது. குறையலன்னா, நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா அதையே வச்சுக்கிட்டே இருக்குறதுல என்ன அர்த்தம்? நெஞ்சுத் துடிப்பு எகிறும், கையி நடுங்கும், பிள்ளை தூங்காது. அதான் மிச்சம்.

இந்த "தூங்காது"ங்குறத நான் அனுபவிச்சவ. ராத்திரி ஒன்றரை மணிக்குக் கண்ண உருட்டிக்கிட்டு விளையாடுற பிள்ளைய வச்சுக்கிட்டு முத்தத்துல நடந்திருக்கீங்களா?

சரி, அப்ப யாருக்குத்தான் இந்த மருந்து கேக்கும்?

ஒன்றரை வயசு தாண்டினவங்க. சளியே இல்லாமலும் இளைக்கிறவங்க. திரும்பத் திரும்ப வர்றவங்க. தோல்ல கரப்பான் இருக்குற பிள்ளை. அம்மா அப்பாவுக்கு ஆஸ்துமா இருக்குற வீடு. இவங்களுக்கெல்லாம் உள்ள பலகை இறங்குற சமாச்சாரம் இருக்க வாய்ப்பு அதிகம். டாக்டர் வச்சுப் பாக்குறதுல நியாயம் இருக்கு.

என் பயலுக்கு ரெண்டு வயசு தாண்டின ஒரு கார்த்திகை மாசம், டாக்டர் முன்னாலயே ஸ்பேசர்ல (பம்பு மாட்டுற பிளாஸ்டிக் கூடு) மருந்து குடுத்துட்டு உக்காந்திருந்தோம். கொஞ்ச நேரத்துல நெஞ்சுல அந்தக் குழி மறைஞ்சுது. அவன் எந்திரிச்சுப் போயி டாக்டரோட பேனாவப் புடுங்கினான். மருந்து கேக்குறதுன்னா என்னன்னு அன்னைக்குத்தான் பாத்தேன். அதப் பாத்த பொறவு, அவன் ஆறு மாசத்துல மெசின் வச்சு அழுது தூங்கினதெல்லாம் வேறன்னு யாரும் சொல்ல வேண்டியதே இல்ல.

"அப்ப எம் பிள்ளைக்கு ஆஸ்துமாவா?"னு உடனே கேக்காதீங்க. அமெரிக்காவுல டூசான் ஊர்ல 1980ல இருந்து பிள்ளைங்களப் பொறந்ததுல இருந்து வருசக்கணக்காத் தொடர்ந்து பாத்தாங்க. பெர்னாண்டோ மார்டினெஸ் குழு 1995ல அதோட கணக்க வெளியிட்டுச்சு. மூணு வயசுக்குள்ள இளைப்பு வந்த பிள்ளைங்கள்ல கிட்டத்தட்ட பத்துக்கு ஆறு பேரு, ஆறு வயசாகும்போது இளைப்பே இல்லாம இருந்தாங்க. அவங்களுக்குப் பொறக்கும்போதே குழாய் கொஞ்சம் சின்னது. பிள்ளை வளர வளர குழாயும் வளந்துருது. மிச்சம் நாலு பேருக்கு இளைப்பு தொடருது. யாரு ஆறு, யாரு நாலுன்னு ஆறு மாசத்துல ஒரு தடவை நெஞ்சச் சத்தம் கேட்டுச் சொல்ல முடியாது.

இப்ப அந்தத் தெரு மெசினப் பத்தியும் ஒரு வார்த்தை.

ஆர்.எஸ்.வி. காத்துல மட்டும் பரவுறது இல்ல. பிளாஸ்டிக் மேலயும் மேசை மேலயும் பல மணி நேரம் உசுரோட கெடக்கும். ஒரு பிள்ளை மூஞ்சியில வச்ச மாஸ்க்க அப்படியே அடுத்த பிள்ளைக்கு வச்சா, மருந்து போகுதோ இல்லியோ, வைரஸ் ஒழுங்காப் போயிச் சேரும்.

அப்புறம், அழுற பிள்ளைக்கு மாஸ்க்க ஒரு சாண் தள்ளிப் பிடிச்சு "காத்துல போகட்டும்"னு காட்டுறது. காத்துலதான் போகும். உள்ள போகாது. மாஸ்க் மூஞ்சியோட ஒட்டியிருந்தாத்தான் கொஞ்சமாவது போகும். அழுதுக்கிட்டு இருந்தா அதுலயும் ரொம்பக் கொஞ்சம்தான் நெஞ்சு வரைக்கும் எறங்கும், மிச்சம் தொண்டையிலயும் வயித்துலயும். டாக்டர் மருந்து வேணும்னே சொல்லிட்டாருன்னா, பம்பும் மாஸ்க் வச்ச ஸ்பேசரும் நெபுலைசருக்குக் கொஞ்சமும் கொறஞ்சது இல்ல. சின்னப் பிள்ளைங்கள வச்சுச் செஞ்ச ஆய்வுகள் இதச் சொல்லியாச்சு. சத்தம் இல்ல, கரண்ட் வேண்டாம். (மழைக்காலத்துல நம்ம ஊர் கரண்ட நம்பியா பிள்ளைய வளக்குறது?)

சிரப்பா வர்ற சால்பூட்டமாலும் உண்டு. இந்த நோய்க்கு அதுவும் உதவாது. 2025ல மத்தியப் பிரதேசத்துல இருமல் சிரப்பு குடிச்சுப் பிள்ளைங்க செத்தாங்களே, அது நம்ம தமிழ்நாட்டுல, காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரானது. அதுல இருந்தது நச்சு. அது வேற விசயம். ஆனா அந்தச் சமயத்துல மத்திய சுகாதாரத் துறை சொன்ன அறிவுரை எல்லா வீட்டுச் சுவத்துலயும் ஒட்ட வேண்டியது: ரெண்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்கு இருமல், சளி சிரப்பு எழுதவோ குடுக்கவோ கூடாது.

வீட்டு வைத்தியத்துக்கும் வர்றேன். ஆச்சிமாரே, கோவிச்சுக்கிடாதீங்க.

சாம்பிராணி. தலைக்கு ஊத்திட்டுப் புகை காட்டுனாத்தான் சளி புடிக்காதுன்னு சொல்லுவீங்க. வீங்கின குழாய்க்குப் புகை ஆகவே ஆகாது. கொசுவத்தியும் அப்படித்தான். பீடி சுத்துற வீடுகள்ல தட்டு மடியிலயும் பிள்ளை பக்கத்துலயும் இருக்கும். நம்ம மாவட்டத்துல எத்தன வீட்டு அடுப்பு அதுலதான் எரியுதுன்னு எனக்குத் தெரியும். அதனால வேலைய விடுங்கன்னு சொல்லல. தூள் பறக்குற அறையில பிள்ளையப் படுக்க வைக்காதீங்க. வீட்டு ஆம்பளைங்க பீடி சிகரெட்ட வாசலுக்கு வெளிய வச்சுக்கிடுங்க.

மூக்குல எண்ணெய் விடுறது. இது கூடவே கூடாது. எண்ணெய் நேரா நுரையீரலுக்குப் போயி அங்கயே தங்கும். தென்னிந்தியக் குழந்தைங்களுக்கு இப்படி எண்ணெய் போயி வந்த நிமோனியாவப் பத்தி 1973லயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல கட்டுரை வந்தாச்சு. அம்பது வருசம் ஆச்சு. இன்னும் குளிப்பாட்ட வர்ற ஆச்சி கையில எண்ணெய்க் கிண்ணம் இருக்கு.

கற்பூரம் கலந்த தைலம் ரெண்டு வயசுக்குக் கீழ வேண்டாம். கற்பூரம் உடம்புக்குள்ள போனா வலிப்பு வரும். கற்பூரவள்ளிச் சாத்துல தேன் கலந்து குடுக்குறது, ஒரு வயசுக்குள்ள தேனே கூடாது.

எல்லாத்தையும் வேண்டாம் வேண்டாம்னா என்னதான் செய்யிறது?

மூக்கத் தொறந்து வைங்க. பச்சப்பிள்ளை மூக்காலதான் மூச்சு விடும். மூக்கு அடைச்சா பாலும் குடிக்காது, தூங்கவும் செய்யாது. உப்புத்தண்ணிச் சொட்டு மருந்து கடையில கெடைக்கும். பால் குடுக்குறதுக்கு முன்னால விட்டு, சளியத் துடைச்சு எடுத்தா, பாதி "நெஞ்சுச் சத்தம்" அங்கயே அடங்கிரும். (கொர் கொர்னு மூக்குல வர்ற சத்தத்த நெஞ்சுச் சத்தம்னு தூக்கிட்டு ஓடுற வீடு ஏராளம்.) தாய்ப்பால் கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி குடுங்க. அப்புறம் பொறுமை. இருமல் ரெண்டு மூணு வாரம் கூட இழுக்கும்.

ஆனா இதெல்லாம் பாத்தா உடனே கெளம்பணும், ராத்திரியா இருந்தாலும் 108க்குப் போன் போடணும்: வழக்கமாக் குடிக்கிறதுல பாதி கூடக் குடிக்கல. நெஞ்சுல குழி விழுது. மூச்சு விடும்போது முனகுது. நடுவுல மூச்சு நின்னு நின்னு வருது. உதடு நீலம் பாரிக்குது. சோந்து கெடக்கு. ரெண்டு மூணு மாசத்துக்குள்ள உள்ள பிள்ளை, குறைமாசப் பிள்ளை, இதயக் கோளாறு உள்ள பிள்ளைன்னா இவ்வளவு தூரம் காத்திருக்கவே வேண்டாம், சீக்கிரமே காட்டிருங்க. அங்க அவங்க குடுக்கப் போற முக்கியமான வைத்தியம் ஆக்சிஜனும், குடிக்க முடியலன்னா ட்யூப்லயோ டிரிப்ஸ்லயோ நீரும்தான். உசுரக் காப்பாத்துறது அதுதான்.

தவழுற பிள்ளை நல்லா விளையாடிக்கிட்டு இருந்துட்டு, திடீர்னு பொரையேறி, அதுக்கப்புறம் இளைச்சா? நிலக்கடலை, புளியங்கொட்டை ஏதாவது மூச்சுக்குழல்ல மாட்டியிருக்கலாம். மெசின் தேடாதீங்க. நேரா பெரிய ஆஸ்பத்திரி.

கடைசியா காசு விசயம். இதச் சொல்லாம முடிச்சா பாவம்.

ஒரு டாக்டர் பிள்ளையோட சட்டையக் கழத்தச் சொல்லி, நெஞ்சப் பாத்து, கடிகாரத்தப் பாத்து ஒரு நிமிசம் எண்ணி, நமக்கு நாலு விசயம் சொல்லிக்குடுத்து, மூக்குச் சொட்டு மட்டும் எழுதி அனுப்புறாரு. வெளிய வந்து நாம என்ன சொல்லுதோம்? "ஒண்ணுமே வைக்கல, இதுக்குப் போயி இவ்வளவு ஃபீஸா?" அடுத்த நாள் வேற கிளினிக். அங்க நெபுலைசர், ஊசி, கலர் கலரா மூணு சிரப்பு. திருப்தி!

டாக்டர்களுக்கும் இது தெரியும். மெசின் ஓடலன்னா கூட்டம் பக்கத்துத் தெருவுக்குப் போயிரும்னு தெரியும். அப்ப அந்த மெசின ஓட வைக்கிறதுல நம்ம பங்கு பாதி இருக்கு.

அதனால அடுத்த தடவை "மருந்து வேண்டாம்"னு சொன்னா, ஏன்னு கேளுங்க. மருந்து வச்சா, அரை மணி நேரம் அங்கயே உக்காந்து "என்ன மாறிச்சு டாக்டர்?"னு கேளுங்க. ரெண்டுக்கும் மூஞ்சியச் சுளிக்காமப் பதில் சொல்ற டாக்டர் கெடச்சுட்டாரா? வாடகை வீட்ட மாத்தினாலும் மாத்துங்க, அவர மாத்திராதீங்க.